கத்தரினின் உடம்பு

முப்பது வயதுவரை கத்தரினுக்கு எந்த ரவிக்கையும் பொருந்தி நின்றதில்லை. தோளிலிருந்து நழுவும். ஒரு கையால் அதை இழுத்துவிட்டுக்கொண்டே மரத்துக்கு மரம் நடப்பாள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே பால்வெட்டுக்குப் போய், அங்கேயே யேசுதாசனைக் கட்டிக்கொண்டவள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு உளியோடு மேட்டில் ஏறினால், மரங்களைச் சீவி, பால் எடுத்து, வாளிகளைச் சுமந்து வந்து ஸ்டோரில் இறக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், விறகு, அடுப்பு. சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தால் அது நல்ல நாள்.

தலைப்பிள்ளை ஆண். பிறந்து சில வாரங்களில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கத்தரின் மார்பில் பால் சுரக்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் பிள்ளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ தின்னாத்தானே புள்ளைக்குப் பாலு வரும்? எலும்புக்கூடு மாதிரி வந்து நிக்கிறியே!"

பிள்ளை தங்கவில்லை. யேசுதாசனே தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, மாதா கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்தான். அதற்கப்புறம் மகள் எல்ஸி பிறந்தபோது, கத்தரின் கண்ணில் பட்டதையெல்லாம் தின்றாள். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கித் தின்றாள். ஒல்லியாக இருப்பது என்றால் அவளுக்குச் சாவின் பக்கத்தில் நிற்பது என்றே மனத்தில் பதிந்துபோயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் மரத்தைச் சாய்த்துவிட்டு வீடு கட்டப் போவதாகப் பெரட்டில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். அந்த வீடுகள் இவர்களுக்கு அல்ல என்பதைச் சொல்லாமலே எல்லோரும் புரிந்துகொண்டார்கள். யேசுதாசனுக்கு ஈப்போவில் ஒரு கிட்டங்கியில் காவல் வேலை கிடைத்தது. லகாட் ரோட்டை ஒட்டி, பழைய ஈயக் குட்டைகளுக்கு நடுவே, பலகை வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றுக்குக் குடி வந்தார்கள்.

ஈயம் அலசி எடுத்தபின் கொட்டிய வெள்ளை மணல்தான் அங்கே தரை. கத்தரின் தோட்டத்திலிருந்து முருங்கைப் போத்து கொண்டுவந்து நட்டாள். பட்டுப்போயிற்று. கீரை விதை தூவினாள். முளைத்த அன்றே வாடிற்று. கோழி வளர்க்கலாமென்றால் நாய்கள் விடவில்லை. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கடை. அரிசி, சீனி, டின்பால், பிஸ்கட், மீ நூடுல்ஸ், எண்ணெய், கருவாடு எல்லாம் அங்கே உண்டு. காய்கறிக்காரன் மோட்டார் சைக்கிளில் வருவான்தான். ஆனால் அவன் வரும் நேரத்தில் அந்த வரிசைப் பெண்களில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

கத்தரினும் போனாள். சட்டை தைக்கும் தொழிற்சாலை. அங்கே எல்லோரும் அதைக் கிலாங் என்றுதான் சொல்வார்கள். இருட்டோடு பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும், இருட்டிய பின் கொண்டுவந்து இறக்கும். அவளுக்குக் காலர் தைக்கிற வேலை. உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது. கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கை தூக்கிக் கேட்கவேண்டும். கேட்டால் முகத்தைச் சுளிப்பாள். அதனால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. பத்து மணிக்கு மணியடித்ததும் எல்லோரும் கேட்டுக்கு ஓடுவார்கள். வெளியே தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணீர், அடியில் டின்பால் தடிப்பாகத் தங்கியிருக்கும். எண்ணெய் சொட்டும் வாழைப்பழப் பொரியல். கையில் இருப்பது சில நிமிடம்தான். சோற்றை எடுத்து உட்கார்ந்து தின்ன நேரமில்லை. அந்தத் தேத்தண்ணீரை உறிஞ்சியதும் உடம்பில் ஒரு சூடு பரவும். மத்தியானம்வரை அது தாங்கும். மூன்று மணிக்கு மறுபடி அதே பை, அதே பொரியல். ஓவர்டைம் இருந்தால் இன்னொரு தடவை.

வீட்டுக்கு வந்தால் பசி கண்ணை மறைக்கும். சோறு வடித்து, இருக்கிற குழம்பை ஊற்றி, நிறையத் தின்றுவிட்டு அப்படியே படுப்பாள்.

முதலில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழைய தோட்டத்து ஆட்கள் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "டவுனுக்கு வந்து நல்லாத் தேறிட்டா கத்தரினு." அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. கண்ணாடியில் தன் கை தடித்திருப்பதைப் பார்த்து, இப்போது ஒரு பிள்ளை பிறந்தால் அது பிழைக்கும் என்று நினைத்தாள். ஆனால் அதற்கப்புறம் பிள்ளை தரிக்கவே இல்லை.

தேறியது எப்போது ஊதியதாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் முழங்கால் வலித்தது. பிறகு பஸ் படி ஏற மூச்சு வாங்கிற்று. பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரப் பெண்கள் தயங்கினார்கள். கிலாங்கில் அவளை வரிசைக் கடைசிக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் போக வழியில்லையாம். ரோட்டில் நடந்தால் லாரிக்காரப் பையன்கள் "ஓய், காஜா!" என்று கத்துவார்கள். யானை என்று பொருள். எல்ஸி அம்மாவின் கையை விட்டுவிட்டு நாலடி முன்னால் நடப்பாள்.

எண்பத்தொன்றில் யேசுதாசனின் தங்கை மகளுக்குப் பாரிட் புந்தாரில் கல்யாணம். கத்தரின் புதுச் சேலை எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு நின்றாள். யேசுதாசன் வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்.

"நீ வேணாம் புள்ள. தூரப் பயணம். மூச்சு வாங்கும்."

"மூச்சுக்காகவா சொல்றீங்க?"

அவன் மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டான். கெட்ட மனுஷன் இல்லை. குடிப்பழக்கம் கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. சொந்தக்காரர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான். எல்ஸியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கத்தரின் சேலையை அவிழ்க்காமல் கட்டிலில் உட்கார்ந்து, அடுப்படியில் இருந்த பிஸ்கட் டின் காலியாகும்வரை தின்றாள். தின்னத் தின்ன அழுதாள். நிறுத்த முடியவில்லை என்று பிற்பாடு பக்கத்து வீட்டுச் செல்லாயியிடம் சொல்லியிருக்கிறாள்.

மறு வருடம் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தது. லீவு சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போனாள். தராசில் ஏற்றிய உதவியாள் எடையைச் சத்தமாக வாசித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கென்சிங் மானிஸ் என்றார்கள். சிறுநீரில் சர்க்கரை. டாக்டர் மலாயில் வேகமாகப் பேசினார். உதவியாள் அதைத் தமிழில் சுருக்கிச் சொன்னான்.

"வாயக் கட்டணுமாம். தெனமும் காலையில நடக்கணுமாம். இல்லேன்னா கால எடுத்துருவாங்களாம்."

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு குடும்பம் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படத்தில் என்ன தின்னலாம் என்று காட்டியிருந்தார்கள்: கோதுமை ரொட்டி, ஆவியில் வெந்த மீன், ஆப்பிள். கத்தரின் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. மறுநாளே பஸ்ஸுக்கு முன்பு எழுந்து லகாட் ரோட்டில் நடந்தாள். நடைபாதை கிடையாது. கல்லுடைக்கிற மலையிலிருந்து வரும் லாரிகள் உரசிக்கொண்டு போயின. நாய்கள் துரத்தின. ஒரு லாரி ஹார்ன் அடித்த அடியில் பதறிச் சாக்கடையில் விழுந்தாள். நடையை விட்டுவிட்டாள். பிறகு வாயைக் கட்டினாள். காலையில் ஒன்றுமில்லை, பத்து மணிக்குத் தேத்தண்ணீர் இல்லை, மத்தியானம் ஒரு வாய் சோறு. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினாள். ஒரு வாரம் போலத் தாங்கிற்று. ஒருநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி மெஷின் மேல் சாய்ந்தாள். ஊசி விரலைத் துளைத்துக்கொண்டு போயிற்று.

கிலாங்கில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். விரல் ஆறித் திரும்பிப் போனபோது அவள் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லாத ஆளை வைத்துக்கொள்ள முடியாதென்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் கத்தரின் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கிளினிக் தேதிகளுக்கும் போகவில்லை. அந்தத் தராசில் இன்னொரு தரம் ஏறுவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று செல்லாயியிடம் சொன்னாள்.

அவள் வராததைப் பார்த்துத்தான் மிஸ்ஸி நோர்மா வீடு தேடி வந்தாள். கிளினிக் தாதி. லூமுட் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று கத்தரின் எழுந்திருக்கவே இல்லை.

"அக்கா, ஏன் நடக்கலே? டாக்டர் சொன்னாருல்லே?" என்று மலாயில் கேட்டாள் நோர்மா.

கத்தரினுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் வராத கோபம். "வாங்க மிஸ்ஸி, எங்க நடக்கணும்னு நீங்களே காட்டுங்க" என்று எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டே ரோட்டோரம்வரை கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் அங்கே நின்றார்கள். லாரி ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று. நோர்மாவின் வெள்ளைச் சீருடை, முகம், இமை எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் தூள் படிந்தது. அவள் இருமிக்கொண்டே கத்தரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும் அக்கா. உள்ளே போலாம்."

அன்று நோர்மா அடுப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் கேட்டாள். எத்தனை மணிக்கு எழுவது, என்ன குடிப்பது, காய் எங்கே வாங்குவது என்றெல்லாம். கத்தரின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலைப்பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். அதுவரை வெளியாளிடம் யாரிடமும் சொன்னதில்லை.

அதன்பின் சில மாதங்கள் நன்றாக இருந்தன. நோர்மா பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் பேசி, சாயங்காலம் திடலைத் திறந்துவிட ஏற்பாடு செய்தாள். காய்கறிக்காரனைப் பிடித்து, பெண்கள் வீடு திரும்பும் நேரத்தில் இன்னொரு நடை வரச் சொன்னாள். கிலாங்குக்கும் போனாள். குடிதண்ணீர் வைக்கவேண்டும், பெண்களைக் கொஞ்சம் எழுந்து நடக்க விடவேண்டும் என்று கேட்டாள். கிளினிக் வேலையைக் கிளினிக்கில் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

திடலில் முதல் நாள் கத்தரினும் செல்லாயியும் மட்டும்தான். ஒரு சுற்று வருவதற்குள் கத்தரின் மூன்று தடவை உட்கார்ந்தாள். பிறகு வரிசையிலிருந்து மற்ற பெண்களும் வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமியார்களையும் சூப்பர்வைசரையும் திட்டிக்கொண்டே நடந்தார்கள். நோர்மா வாரத்தில் ஒருநாள் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாள். எடையைக் காதோடுதான் சொல்வாள். கத்தரினின் புண் ஆறிற்று. ஒருநாள் யேசுதாசன் வேலைக்குப் போகிற வழியில் திடல் வேலியோரம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா பாக்கிறீங்க?" என்றாள்.

"நல்லா நடக்கிற" என்றான்.

எண்பத்துநாலில் நோர்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று கத்தரினைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நிறுத்தாதீங்க அக்கா. நான் இல்லேன்னாலும் நடங்க." கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தில் குழாய்கள் திருட்டுப் போயின. திடலுக்குப் பூட்டு விழுந்தது. பெண்கள் போய்க் கேட்டார்கள். புதிய தலைமையாசிரியர் கிளினிக்கிலிருந்து அனுமதி வாங்கி வரச் சொன்னார். கிளினிக்கில் புதிய மிஸ்ஸிக்கு அந்தத் திட்டமே தெரியவில்லை. "அதெல்லாம் முடிஞ்சிருச்சு. படம் வேணும்னா தாரேன், கொண்டுபோய் வீட்டில ஒட்டுங்க" என்றாள். காய்கறிக்காரனும் சாயங்கால நடையை நிறுத்திக்கொண்டான். மற்றப் பெண்களுக்கு ஓவர்டைம். நடை நின்றது.

கத்தரின் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஈயக் குட்டையைச் சுற்றி, மணலில் தனியாக நடந்தாள். அங்கே ஈயம் எடுத்தவர்கள் தங்கிய பழைய கொங்சியின் தகரமும் ஆணியும் புதைந்து கிடக்கும். அவள் பாதத்தில் ஏற்கெனவே உணர்ச்சி குறைந்துபோயிருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் வேலிப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த செல்லாயி அலறினாள்.

"அக்கா! நில்லுங்க! கால்ல என்னா அது?"

கத்தரின் திரும்பிப் பார்த்தாள். நடந்து வந்த வழியெல்லாம் வெள்ளை மணலில் இரத்தம் சொட்டியிருந்தது. ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலுக்குள் முழுதும் ஏறியிருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

புண் கறுத்தது. பெரியாஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் அவள் யேசுதாசனிடம் கேட்டது ஒன்றுதான்.

"நான் நடந்தேன்ல? நான் சும்மா உக்காந்திருக்கலேல்ல? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் புள்ள" என்றான். அவள் தலைமாட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

கத்தரின் வீட்டுக்கு வந்த சில மாதத்தில் எல்ஸி படிப்பை முடித்தாள். பரீட்சையில் தேறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து, கிலாங்கில் ஆள் எடுக்கிறார்களென்றும், தான் பெயர் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள்.

கத்தரின் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வேணாம். வேற எங்க வேணும்னாலும் போ. ஆளுங்க வீட்டில பாத்திரம் தேய்க்கப் போ. அங்க மட்டும் வேணாம்."

"வேற எங்கம்மா இருக்கு? அப்பா ஒத்த ஆளு சம்பளம். உனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வர டாக்ஸிக்கே பத்தலே."

"அந்த நாற்காலி ஆளத் தின்னுரும்டி. என்னப் பாரு. என்னப் பாத்துட்டுமா போற?"

எல்ஸி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "நான் கவனமா இருப்பேம்மா" என்றாள். மறுநாள் இருட்டோடு பஸ் ஏறினாள்.

கத்தரின் விடிவதற்குமுன் எழுந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சமைக்க ஆரம்பித்தாள். யேசுதாசன் பாசாருக்குப் போய்க் கீரை வாங்கி வருவான். கீரையும் கொஞ்சம் சோறும் அவித்த மீனும் ஏனத்தில் போட்டுக் கொடுப்பாள். எல்ஸி கொண்டுபோவாள். சாயங்காலம் ஏனம் அப்படியே திரும்பி வரும். சில நாள் புளித்த வாடை அடிக்கும்.

"ஏண்டி சாப்பிடலே?"

"நேரம் இல்லேம்மா."

கத்தரின் நம்பவில்லை. ஒருநாள் யேசுதாசனிடம் சொல்லி, கோயிலிலிருந்து கொடுத்த பழைய தள்ளுநாற்காலியில் தன்னைக் கிலாங்குவரை தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். தூரம் அதிகம். வெயிலில் இருவரும் வேர்த்துப்போனார்கள். பத்து மணிக்குச் சற்று முன் கேட்டுக்கு எதிரே போய் நின்றார்கள். மணியடித்தது. பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லாம் இளம்பெண்கள். கத்தரினோடு வேலை செய்தவர்களில் ஒருத்தியைக்கூடக் காணவில்லை. கூட்டத்தில் எல்ஸியும் வந்து, தள்ளுவண்டிக்காரனிடம் பையை வாங்கி, நின்றபடியே உறிஞ்சினாள். மற்றக் கையில் பொரியல். தின்றுகொண்டே கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அடைத்துவிடுவார்களோ என்று. அப்போதுதான் எதிரே அம்மாவும் அப்பாவும் நிற்பதைக் கண்டாள்.

ரோட்டைத் தாண்டி வந்தாள். வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை.

"எதுக்கும்மா வந்த? எல்லாரும் பாக்கிறாங்க."

கத்தரின் வீட்டிலிருந்து சூடாகக் கொண்டுவந்த இன்னொரு ஏனத்தை நீட்டினாள். "ரெண்டு வாய் தின்னுட்டுப் போ. நான் ஊட்டி விடுறேன்."

"மணி அடிச்சிருவாங்கம்மா." எல்ஸியின் கண் கலங்கிற்று. "பசிக்குதும்மா. காலையிலேருந்து உக்காந்துதானே இருக்கேன், அப்புறம் ஏன் இப்படிப் பசிக்குதுன்னே தெரியலே. இத குடிச்சாத்தான் கை நடுங்காம இருக்கு."

கத்தரினுக்கு அது தெரியும். எப்படிப்பட்ட பசி, எந்த நேரத்தில் வரும், எங்கே தொடங்கி எங்கே பிடிக்கும் என்றெல்லாம் தெரியும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கொஞ்சம் தடித்திருந்தது. வேலைக்குப் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மணி அடித்தது. எல்ஸி கையை உருவிக்கொண்டு ஓடினாள். காவல்காரன் கேட்டை இழுத்து மூடினான்.

யேசுதாசன் நாற்காலியைத் திருப்பினான். கத்தரின் மடியில் ஏனம் சூடாகவே இருந்தது. பாதி வழியில் ஒரு நிழலில் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"நாளைக்கும் வரணுமா?" என்று கேட்டான்.

"வரணும்" என்றாள்.

மழைக்காலம்வரை வந்தார்கள். எல்ஸி சில நாள் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள், பல நாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த மழையில் கத்தரினின் மற்றக் காலிலும் புண் வந்தது. எண்பத்தேழு தவக்காலத்தில் பெரியாஸ்பத்திரியில் இறந்தாள். அப்போது எல்ஸி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். யேசுதாசன் சொல்லி அனுப்பிய ஆளைக் காவல்காரன் வேலை முடியும்வரை கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்திருந்தான்.